சுவர் காயும்வரை

காலை ஆறு மணிக்கு இறந்துபோன அப்பாவுக்கு மகன் முத்திரை ஒன்பது மணிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் முடி வெட்டியிருந்ததால் சீவுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இடப்பக்கம் வகிடெடுத்து, கலைத்து, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். சீப்பைக் கீழே வைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா வீட்டுச் சாவி எங்கண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"எதுக்கு?"

"எதுக்கா? அவரை அங்க கொண்டுபோக வேண்டாமா? பார்த்துப் பார்த்துக் கட்டின சொந்த வீடு இருக்கும்போது, இந்த மூணாவது மாடியிலேர்ந்தா எடுக்கறது?"

அறை வாசலில் நின்ற முத்திரையின் மனைவி, "இத்தனை மாசம் இங்கதானே இருந்தாரு. இங்கேர்ந்தே எடுத்தா என்ன?" என்றாள்.

தங்கை குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தாள். அதன் வாய் திறந்திருந்தது. ஒரு போர்வை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. தினமும் எழுந்ததும் போர்வையை மடித்துப் பைக்குள் வைப்பது அப்பாவின் வழக்கம். இன்றைக்கும் மடித்திருக்கிறார். வைத்து முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டார்.

"ஏழு மாசம்ணா. பையைக்கூடப் பிரிக்கலை. இதோ பாரு, சோப்பு டப்பா. இதோ பிரஷ், கவர்ல சுத்தி வெச்சிருக்காரு. விருந்தாளிகூட ரெண்டாவது நாள் பிரஷ்ஷை வெளியில வைப்பான். நீங்க அவரை எப்படி வெச்சிருந்தீங்கன்னு நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்று சொல்லியே கேட்டாகிவிட்டது. மனைவியின் முகம் சுருங்கியது. அப்பா வந்த அன்றே, வெளியூரில் படிக்கும் மகளின் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, காகிதம் விரித்து, "இது உங்களுக்கு மாமா" என்று காட்டியவள் அவள். "எதுக்கும்மா, பத்து நாளைக்கு?" என்று அப்பாதான் சிரித்து மழுப்பிவிட்டார். அதை இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள், படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

முத்திரைக்குத் தங்கை மேல் கோபம் வரவில்லை. அவள் சொல்வதுதான் சரி என்று தோன்றியது. அப்பா இந்த ஏழு மாதமும் தன் வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டு இருந்தார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. பிரிக்காத பைக்கு வேறென்ன அர்த்தம்? உயிரோடு கொண்டுபோய் விட முடியவில்லை, இப்படியாவது கொண்டுபோய் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் கிடத்தவேண்டும். அதைச் செய்யாவிட்டால் அப்புறம் எதற்கு மகன் என்று இருக்கிறோம்?

"சாவி சுவர் வேலை பாக்கற ஈரக்காரர்கிட்ட இருக்கு. இப்பவே வாங்கறேன்" என்றார்.

அவருக்கு முத்திரை என்பது இயற்பெயர் அல்ல. கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் பெட்ரோல் பங்க் மீட்டர்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைக்கும் ஆய்வாளர் வேலை. முப்பது வருடமாக அதையே செய்ததில் சொந்தக்காரர்கள் அவருடைய பெயரையே மறந்துவிட்டார்கள். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பொய் சொல்கிறவனுக்குக் குரல் முதலில் தணியும், பிறகுதான் கண் தாழும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

ஈரக்காரரை வேலைக்கு அமர்த்தியதும் அந்த முப்பது வருட அனுபவம்தான். தனியாக இருந்த அப்பா ஏதோ வேலையாக வெளியூர் போய் மூன்று நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால், படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாடிக் குளியலறையில் சுவருக்குள் ஓடிய குழாய் வெடித்திருந்தது. கீழே சுவர்ப் பூச்சு ஊதிப்போய், விரலை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. முத்திரை மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டார். முதல் ஆள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "பத்து நாள்ல முடிச்சிரலாம் சார்" என்றான். இரண்டாவது ஆள் "மேல ஒரு பெயின்ட் அடிச்சா எதுவும் தெரியாது சார்" என்றான். இருவரையும் வந்த வழியே அனுப்பிவிட்டார். மூன்றாவதாக வந்தவர் பேசவே இல்லை. ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில் செருகியிருந்தார். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் அங்கங்கே குத்தி, அது காட்டிய எண்ணைச் சுவரிலேயே எழுதினார். அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அறுபத்தைந்து.

"இந்த ஈரம் பதினஞ்சுக்குக் கீழ வரணும் சார். அப்புறம்தான் பூசணும். அதுக்கு முன்னாடி பூசினா நிக்காது."

"எத்தனை நாளாகும்?"

"அதைச் சுவர்தான் சொல்லணும்."

பதில் முத்திரைக்குப் பிடித்திருந்தது. பிடித்துப் போனதாலேயே சந்தேகமும் வந்தது. "உங்க மீட்டர் சரியாக் காட்டுதுன்னு யாரு சொன்னா? அதுக்கு முத்திரை இருக்கா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காய்ந்த கதவுச் சட்டத்தில் ஊசியை வைத்துக் காட்டினார். ஒன்பது. தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கருவி அலறியது. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "நம்ம ஈரக்காரர் கெட்டிக்காரர்டா. இவரே இருக்கட்டும்" என்றார். அப்படித்தான் அவருக்கு அந்தப் பெயரும் வந்தது, வேலையும் கிடைத்தது.

குழாயை மாற்றினார்கள். பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டினார்கள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இரண்டு இயந்திரங்கள் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அங்கே யாரும் படுக்க முடியாது. "பத்து நாளைக்கு எங்க வீட்டுல வந்து இருங்கப்பா" என்று முத்திரைதான் கூட்டி வந்தார். "பத்து நாள்தான்" என்று சொல்லிக்கொண்டேதான் அப்பாவும் வாசற்படி ஏறினார்.

இப்போது முத்திரை பால்கனியில் நின்று ஈரக்காரருக்குப் போன் செய்தார். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை எடுத்தார்.

"அப்பா போயிட்டாரு" என்றார் முத்திரை. "காலையில."

அந்தப் பக்கம் ஈரக்காரர் எங்கோ உட்கார்வது போன்ற சத்தம். "எப்படி சார்? வியாழக்கிழமைகூடப் பாத்தேனே."

"அவர் வீட்டுக்கே கொண்டு வர்றோம். சாவி வேணும்."

"அங்கயா?" குரல் தணிந்தது. "அங்க வேணாம் சார்."

"ஏன்?"

"நிலைமை சரியில்ல சார். அங்க… இன்னும் காயல."

"காயாட்டிப் பரவாயில்ல. முன்கூடத்துல வெச்சுக்கறோம். சாவியைக் கொடுத்தனுப்புங்க."

"நான் வேணா அங்க உங்க வீட்டுக்கு வந்துடறேன் சார். நேர்ல பேசிக்கலாம். நீங்க அந்த வீட்டுக்கு வரவேணாம்."

முத்திரையிடம் முப்பது வருடத்தில் எத்தனை கடைக்காரர்கள் இதே குரலில், 'உள்ள வேணாம் சார், வெளியில உக்காந்து பேசிக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள்!

"அரை மணி நேரத்துல நான் அந்த வீட்டு வாசல்ல இருப்பேன். நீங்களும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"என்னண்ணா சொல்றான்?" என்று தங்கை கேட்டாள்.

"வர வேண்டாங்கறான்."

"நான் அன்னிக்கே சொன்னேன். வீட்டை வேற யாருக்காவது உள்வாடகைக்கு விட்டிருப்பான். இல்லேன்னா அவன் சாமானைப் போட்டுவைக்கற கிடங்கா வெச்சிருப்பான். அப்பாவுக்கு யாரையும் நம்பிடற குணம். நீயாவது போய்ப் பாத்திருக்கலாம்ல?"

அந்தக் கேள்வி அவரோடேயே வண்டியில் ஏறிக்கொண்டது.

ஏன் போகவில்லை? முதல் இரண்டு மாதத்தில் இரண்டு முறை போனார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. எண் நாளுக்கு நாள் இறங்கியது. சாயங்காலம் அப்பா ஈரக்காரருக்குப் போன் செய்து கேட்டுவைப்பார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் முத்திரை, "இன்னிக்கு எவ்வளவுப்பா?" என்பார். முப்பத்தொன்று. இருபத்தாறு. இருபது. பதினாறுக்கு வந்த அன்று, "நாளைக்கு முடிஞ்சிடும்ப்பா. உங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். மறுநாள் சாயங்காலம் அப்பா வெளியே போய்விட்டுத் தாமதமாக வந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "மறுபடி ஏறிடுச்சாம்ப்பா. இருபத்தொன்பதாம். வேற எங்கயோ கசியுதாம்" என்றார்.

சந்தேகம் அங்கேதான் பிடித்தது. இறங்கின எண் எப்படி ஏறும்? மழை என்றார் அப்பா. அடுத்த வாரம், அந்தச் சுவரே ஒரு மாதிரிச் சுவர் என்றார். முத்திரை போனில் ஈரக்காரரைப் பிடித்து உலுக்கியபோது, "காயல சார்" என்று தணிந்த குரலில் ஒரு வார்த்தைதான் வந்தது. பொய் சொல்கிறவனின் குரல். அதை முத்திரை அன்றைக்கே கண்டுகொண்டார். "இவன் நம்மளை இழுத்தடிக்கறான்ப்பா. ஞாயித்துக்கிழமை நானே போய் அவனை ஒரு வழி பண்ணிடறேன்" என்று ஒவ்வொரு வாரமும் கிளம்பினார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவுக்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். முடி வெட்டவேண்டும். கண்ணாடிக் காம்பு உடைந்துவிட்டது. ஒருதரம் வண்டியைக் கிளப்பியே ஆகிவிட்டது, அப்பா படிக்கட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவரிடம் போனால் முழங்காலில் ஒன்றுமில்லை என்றார். திரும்பும் வழியில் இருவரும் ஒரு பூங்காவில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். "நான்தான் வாராவாரம் பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வர்றேனே. அந்த ஆளு நல்லாத்தான்ப்பா வேலை செய்யறாரு" என்று அப்பா சொன்னார். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட முத்திரைக்கு அப்பாவின் வார்த்தையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அதற்குப் பதிலாக ராத்திரிச் சாப்பாட்டில் ஈரக்காரரைத் திட்டினார். தவறாமல் திட்டினார். "எப்பத்தான்ப்பா காயும் உங்க சுவரு?" என்று கேட்காத நாள் இல்லை. அப்பாவின் பக்கம் நின்று பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது முத்திரையின் சந்தேகம் ஊர்ஜிதமானது. வாசல் கூட்டியிருந்தது. தொட்டிச் செடிகளுக்கு யாரோ காலையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஏழு மாதமாக ஆள் இல்லாத வீட்டில், ஜன்னல் கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் இல்லை. எவனோ குடித்தனமே இருக்கிறான். தங்கை சொன்னதுதான் நடந்திருக்கிறது. தலைக்கு மேல் கோபம் ஏறியது. அப்பாவை ஏழு மாதம் வீட்டுக்கு வரவிடாமல், ஒரு பையோடு அலையவிட்டு, கடைசியில் அந்த ஏக்கத்தோடேயே சாகவைத்துவிட்டு, இங்கே எவனோ செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கிறான்.

ஈரக்காரர் மிதிவண்டியில் வந்து இறங்கினார். காதில் பென்சில் இல்லை. கண் வீங்கியிருந்தது.

"உள்ள யாரு இருக்கா?"

"யாருமில்ல சார்."

"திறங்க."

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதை…"

"திறங்கய்யா முதல்ல!"

ஈரக்காரர் திறந்தார். முத்திரை அவரைத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்து, நேராகப் படுக்கையறைக்குப் போனார்.

அறையில் யாரும் இல்லை. கூரை புதிதாக இருந்தது. சுவர் நேர்த்தியாகப் பூசப்பட்டு, அப்பாவுக்குப் பிடித்த வெளிர்ப் பச்சையில் வண்ணம் அடிக்கப்பட்டிருந்தது. ஈரவாடை என்று மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது, மேலே சுருக்கமில்லாத விரிப்பு. சுவருக்கு எதிரே ஒரு நாற்காலி மட்டும் போட்டிருந்தது.

முத்திரை சுவரில் கையை வைத்தார். உலர்ந்திருந்தது.

"எப்ப காஞ்சுது?"

"அஞ்சு மாசம் ஆச்சு சார். சரியா அம்பத்தெட்டாவது நாள்."

"அஞ்சு மாசமா? அப்போ எங்கப்பாவை ஏன்யா அஞ்சு மாசம் ஏமாத்தினே? என்ன கெடுதல் செஞ்சாரு அவரு உனக்கு?"

ஈரக்காரர் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஓர் அட்டை ஒட்டியிருந்தது. தினமும் அளந்த ஈரத்தை எழுதிவைக்கும் அட்டை. இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் எண். முத்திரை மேலிருந்து படித்தார். ஈரக்காரரின் சாய்ந்த எழுத்து. அறுபத்திரண்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, ஐம்பத்தெட்டாவது நாளில் பதினான்கு. அதற்குக் கீழே இரண்டு கோடு, 'காய்ந்தது' என்ற சொல், கையெழுத்து. கணக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கோட்டுக்குக் கீழே மறுபடியும் தொடங்கியது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. முப்பது. பக்கத்திலேயே சின்னதாக 'மழை' என்று எழுதியிருந்தது. இந்த எண்கள் சாயவில்லை. நிமிர்ந்து நின்றன. ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு இருந்தது. அந்தக் குறுக்குக் கோட்டை முத்திரைக்குத் தெரியும். சின்ன வயதில் வாய்ப்பாடு எழுதிக் கொடுத்த கை அது.

"காஞ்ச அன்னிக்குப் போன் பண்ணினேன் சார். வந்தாரு. இந்த நாற்காலியில உக்காந்து சுவரையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் கையை வெச்சுப் பாத்து, 'இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கற மாதிரி இருக்கே' அப்படின்னாரு. மீட்டர் வெச்சுக் காட்டினேன். 'நல்லாப் பாருங்க'ன்னாரு. மறுபடி வெச்சேன். பதினாலு. 'இன்னொரு தரம்'னாரு. மூணாவது தரம்தான் சார் எனக்குப் புரிஞ்சுது." ஈரக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா எத்தனையோ வீட்டுக்காரங்களைப் பாத்திருக்கேன். எல்லாரும் காஞ்சுடுச்சுன்னு எழுதுன்னுதான் கெஞ்சுவாங்க. காயலைன்னு எழுதச் சொன்ன ஒரே ஆளு உங்கப்பாதான்."

"உங்களுக்கு என்ன கொடுத்தாரு?"

"டீ வாங்கிக் கொடுப்பாரு சார்" என்றார் ஈரக்காரர். அதில் வருத்தமோ கோபமோ இல்லை. "நான் எழுத மாட்டேன்னுட்டேன். அதனால அவரே எழுதிக்கிட்டாரு. யாரு கேட்டாலும் காயலைன்னு மட்டும் சொல்லுங்க, அது போதும்னாரு. அதுவும் எனக்குச் சரியா வரலை. நீங்க போன் பண்ணும்போதெல்லாம் வேர்த்துடும்."

முத்திரை அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண்கள் சட்டென்று இறங்கவில்லை, சட்டென்று ஏறவுமில்லை. மூன்று நாள் இறங்கி ஒரு நாள் நின்றன. மழை பெய்த வாரங்களில் ஒன்றிரண்டு ஏறின. எந்த இடத்திலும் பதினெட்டுக்குக் கீழே போகவில்லை. முப்பது வருடம் அளவுகளைச் சோதித்தவர் கண்ணில் மண் தூவுவதற்கென்றே, அந்த வேலை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியவை.

"முன்கூட்டியே எழுதி வெச்சுடுவாரு சார். ஞாபகம் பிசகிடக்கூடாதுன்னு. 'எம்பையன்கிட்ட ஒரு எண்ணைத் தப்பாச் சொன்னாப் போச்சு, பெட்ரோல் பங்க்காரனையே பிடிக்கறவன்'னு சொல்லிச் சிரிப்பாரு."

"ஏன்?" என்றார் முத்திரை. "என்கிட்ட நேரா ஒரு வார்த்தை…"

"நானும் அதைத்தான் சார் கேட்டேன். சொந்த மகன்தானே, உன்கூடவே இருந்துடறேன்னு சொல்லிட்டா முடிஞ்சுதேன்னேன். 'அவன் தினமும் சாப்பிடும்போது எப்பக் காயும்னு கேக்கறான்யா. அப்படிக் கேக்கறவன்கிட்ட எப்படிச் சொல்றது'ன்னாரு. 'பாவம், சின்ன வீடு. இன்னும் ஒரு பத்து நாள் மட்டும்'பாரு. பத்து நாள் பத்து நாளாத்தான் சார் கேப்பாரு. மொத்தமாக் கேட்டதே இல்ல."

முத்திரை நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா உட்கார்ந்த நாற்காலி.

அவர் தினமும் அப்படிக் கேட்டது உண்மைதான். இந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது 'இங்கயே இருங்கப்பா' என்று சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. சொன்னால் அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும், தன் வீட்டை மறக்கச் சொல்வது போலிருக்கும் என்று நினைத்திருந்தார். இந்த ஏழு மாதமாகத்தான் அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அப்பா போய்விட்டால் ராத்திரிச் சாப்பாடு வெறிச்சென்றிருக்குமே என்று மனைவியிடம் ஒருதரம் சொன்னதுண்டு. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஈரக்காரரை மட்டும் அப்பா எதிரில் வைத்தே திட்டினார். ஒவ்வொரு ராத்திரியும் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, எழுதிவைத்த எண்ணைச் சொல்லிவிட்டு, காலையில் எழுந்து போர்வையை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறார். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

ஈரக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே பார்த்தபடியே, "செடிக்கு நான்தான் சார் தண்ணி ஊத்தறேன்" என்றார். "வியாழக்கிழமை வந்தா வாடியிருக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

முத்திரை தலையாட்டினார்.

"வண்டி எத்தனை மணிக்கு சார் வருது? கட்டிலை நகத்திட்டு முன்கூடத்தைக் காலி பண்ணித் தர்றேன். இந்தாங்க சாவி."

முத்திரை எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அட்டைக்கு முன்னால் போய் நின்றார். இன்றைய தேதியைத் தேடினார். அது இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஆறு நாட்கள் எழுதியிருந்தன. விரலை வைத்து இன்றைய எண்ணைப் பார்த்தார். ஒருதரத்துக்கு இரண்டுதரம் பார்த்துக்கொண்டார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். "நீங்க இப்ப என்கூட வாங்க. அங்க வந்து அவரைப் பாருங்க."

மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். பின்னால் வந்த ஈரக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய் அப்பாவின் காலடியில் நின்றார்.

"சாவி வாங்கிட்டியா? கீழ வண்டிக்காரன் எந்த வீட்டுக்குன்னு கேட்டுட்டே இருக்கான்."

"இங்கேர்ந்துதான் எடுக்கணும்மா. அங்க முடியாது."

"ஏன் முடியாது?"

"சுவர் இன்னும் காயலை."

"அந்த ஆளு சொன்னானா?"

"நானே பாத்தேன்."

தங்கை அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் சந்தேகத்தையெல்லாம் தீர்த்து, மனைவியைத் தலைநிமிர வைத்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியத்தை அப்பா ஐந்து மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார். கூடத்தில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். அவளும் அழுதிருந்தாள். ஏழு மாதம் தினமும் காதில் விழுந்த கேள்வி, அவளையும் அறியாமல் வாயில் வந்தது. "இன்னிக்கு எவ்வளவுங்க?"

"இருபத்தொண்ணு" என்றார் முத்திரை.

அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அளவு அது. குரல் கொஞ்சம் தணிந்துதான் வந்தது. அப்பாவின் காலடியில் நின்ற ஈரக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முத்திரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் தன் மடிக்கு இழுத்தார். கட்டம்போட்ட சட்டை ஒன்றை அப்பாவுக்குப் போடுவதற்கு எடுத்து வைத்தார். மீதிச் சட்டைகளையும் வேட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய் மகளின் அலமாரியைத் திறந்தார். விரித்த காகிதம் கசங்காமல் ஒரு தட்டு காலியாகவே இருந்தது. தங்கை அதைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். முத்திரை துணிகளை அதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பையில் பாதி நுழைத்திருந்த போர்வையை நன்றாக மடித்து மேலே வைத்தார். பிறகு பிரஷ்ஷைக் கவரிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், கண்ணாடிக்குக் கீழே இருந்த டம்ளரில், ஏற்கெனவே இருந்த இரண்டோடு சேர்த்துப் போட்டார்.